புதுச்சேரி பழைய நகர வீதியில் ஆகஸ்ட் 15 கொடியேற்றம்: கம்பம், கயிறு, நேரம், அனுமதி (விவாத இழை)

வாய்க்கால்கரை எழுதியது:
பெரிய வாய்க்காலை ஒட்டிய ஒரு குறுகிய வீதி. இருபுறமும் பழைய வீடுகள், சிலது பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளவை. வீதி நலச் சங்கத்தின் சார்பில் ஆகஸ்ட் 15 காலை கொடியேற்ற வேண்டும். 60, 70 பேர் கூடுவார்கள். 20 அடி கம்பம் என்று பேச்சு. கேள்விகள்:
கம்பம், கயிறு, கொடி எந்த அளவு? யாரிடம் அனுமதி? எத்தனை மணிக்கு வைத்தால் கூட்ட நெரிசலில் மாட்டாமல் முடியும்? இன்னொன்று, சங்கத்தில் சிலர் "நம்ம ஊருக்கு 15 இல்லை, 16தான்" என்கிறார்கள். நவம்பர் 1 என்பவர்களும் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பிக்கயிறு எழுதியது:
முதலில் அந்த 20 அடியை மறந்துவிடுங்கள். கம்பத்தை நிமிர்த்தும்போது அது ஒரு வில்லாகச் சுற்றி வரும். சாய்ந்தாலும் அதே தூரத்துக்கு விழும். அதனால் தலைக்கு மேலே போகும் எந்த மின்கம்பியிலிருந்தும் கம்பத்தின் நீளத்தோடு இன்னும் 5 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். 20 அடிக்கு 25 அடி வெட்டவெளி வேண்டும், குறுகிய வீதியில் அது கிடையாது. கொடியேற்றும் நாளில் நடக்கும் உயிர்ச்சேதம் பெரும்பாலும் இதில்தான்: முதல் நாள் இரவு மழை, ஈரத் தரை, கையில் இரும்புக் குழாய், மேலே கம்பி.

12 அடி போதும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப். குழி தோண்டாதீர்கள், பழைய வீதியில் குடிநீர்க் குழாயும் கேபிளும் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. 2 அடிக்கு 2 அடி இரும்புத் தகடு, அதன் நடுவில் இரண்டரை அடி உயரத்துக்குக் கம்பம் உள்ளே இறங்கும் அளவு குழாய் வெல்டிங். கம்பத்தைச் செருகி, குறுக்கே ஒரு போல்ட். தகட்டின் மேல் 25 கிலோ மணல் மூட்டை ஆறு. குறுக்கு போல்ட் போடாமல் விட்டால் காற்றில் கம்பம் தன்னைத்தானே திருகிக்கொள்ளும், கயிறு கம்பத்தைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் கொடி வராது.

கயிறு: கம்ப உயரத்தைப் போல் இரண்டு மடங்கு, மேலே 4 அடி. 12 அடிக்கு 28 அடி. பின்னிய பாலியஸ்டர் கயிறு, 6 மி.மீ. பருத்திக் கயிறு நனைந்தால் உப்பி, கப்பியில் சிக்கும். வழுவழு நைலானில் முடிச்சு தானே அவிழும்.

கப்பி: பள்ளம் கயிற்றைவிட ஒரு நூல் அகலமாக இருக்கட்டும், பக்கத் தகடுகளுக்கும் சக்கரத்துக்கும் இடையில் கயிறு நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கயிறு சக்கரத்தை விட்டு இறங்கி அந்த இடுக்கில் மாட்டுவதுதான் "பாதியில் நின்ற கொடி"க்கு முதல் காரணம். கடலோர ஊர், இரும்புக் கப்பி ஒரு வருடம் சும்மா கிடந்தால் உப்புக் காற்றில் இறுகிவிடும். பித்தளை அல்லது நைலான் சக்கரம் வாங்குங்கள்.

நாட்காட்டி எழுதியது:
தேதிச் சண்டைக்கு வருகிறேன். மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு.

1947 ஆகஸ்ட் 15 அன்று இங்கே பிரெஞ்சு ஆட்சிதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. அந்த ஒப்புதல் பத்திரங்கள் பரிமாறப்பட்ட நாள்தான் 1962 ஆகஸ்ட் 16. சட்டப்படி அன்றுதான் மாற்றம் முழுமையானது.

ஆகவே ஆகஸ்ட் 15 நாட்டின் சுதந்திர நாள், ஆகஸ்ட் 16 சட்டபூர்வப் பரிமாற்ற நாள், நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். மூன்றுக்கும் இங்கே அரசு விடுமுறை உண்டு. 16 அன்று அரசு நிகழ்ச்சி கீழூர் நினைவிடத்தில். உங்கள் வீதியில் 15 அன்று ஏற்றுங்கள். 16ஐக் கொண்டாட விரும்புகிறவர்கள் ஒரு வேன் பிடித்துக் கீழூர் போய் வரட்டும். ஒரே வாரத்தில் இரண்டு முறை பந்தல் போட்டு அலுத்துப்போவதைவிட அது நல்லது. சங்கத்துக்குத் தெம்பிருந்தால் நவம்பர் 1 தனியாக, ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கூரையில்லாமல் திட்டமிடாதீர்கள்.

நேரம்: இந்த ஊரில் ஆகஸ்ட் 15 மூன்று கூட்டங்கள் மோதும் நாள். ஒன்று, கடற்கரைச் சாலையில் முதலமைச்சர் கொடியேற்றும் அரசு விழா. இரண்டு, அரவிந்தர் பிறந்த நாள் (1872 ஆகஸ்ட் 15), ஆசிரமத்தில் தரிசன நாள், வெளியூர்க் கூட்டம் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கும். மூன்று, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா, தேவாலயங்களில் காலைத் திருப்பலி. வாய்க்காலுக்குக் கிழக்கே 8 மணிக்கு மேல் வண்டி நுழைவது கஷ்டம், அரசு விழாவுக்காகப் போக்குவரத்தையும் திருப்பிவிடுவார்கள். 7.15க்குக் கூடி 7.30க்குக் கொடி, 8 மணிக்குக் கலைந்துவிடுவது என்று வையுங்கள். பூசைக்குப் போகிறவர்களிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், கால் மணி முன்னே பின்னே வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மதுக்கடைகளும் அன்றைக்கு மூடல். வெளியூர் விருந்தினர் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாண்டி என்றால் வேறு நினைப்போடு வருகிறவர்கள் நிறையப் பேர் :)

கொடிவிதி எழுதியது:
12 அடிக் கம்பத்துக்கு 900 × 600 மி.மீ. கொடி, கடையில் "3க்கு 2" என்பார்கள். கொடியின் நீளம் கம்பத்தில் கால் பங்கு இருந்தால் கண்ணுக்கும் சரி, காற்றுக்கும் சரி.

வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். நீளம், உயரம் 3:2 விகிதம். 900 × 600 கொடியில் சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. (1350 × 900 என்றால் 280, 1800 × 1200 என்றால் 370.) ஆரக்கால் 24. சக்கரம் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும், வெள்ளைப் பட்டையின் நட்ட நடுவில், வட்டமாக. ஆகஸ்டில் நடைபாதையில் குவியும் கொடிகளில் சக்கரம் முட்டை வடிவமாக, ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பது சகஜம். மூன்று பட்டையும் ஒரே அகலமா என்றும் பாருங்கள்.

துணி கதர்தான் என்ற கட்டாயம் இப்போது இல்லை. 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டரும் இயந்திர நெசவும் செல்லும். ஆனாலும் கைக்குக் கதர் நல்லது, மடித்தால் மடிந்து நிற்கும். மெல்லிய பாலியஸ்டர் வழுக்கும், பூவோடு கட்டினால் நழுவும். அதற்கு எதிர்வாதம், மழையில் கதர் கனத்துத் தொங்கும். ஆகஸ்ட் காலையில் மழை பெரும்பாலும் இருக்காது, இடிமழை மாலையில்தான். நான் கதரே சொல்வேன்.

பிளாஸ்டிக் கொடி வாங்காதீர்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களில் அதுவும் ஒன்று. பிள்ளைகளுக்குக் காகிதக் கொடி, கடைசியில் எண்ணி வாங்கிக்கொள்ள ஒருவரைப் போடுங்கள், தரையில் கிடக்கக் கூடாது.

வாய்க்கால்கரை எழுதியது:
நன்றி, 12 அடிக்கு ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம். பூ வைத்துக் கட்டுவது எப்படி? இழுத்தும் அவிழாமல் நிற்கிற கூத்துதான் எல்லாருக்கும் பயம்.

கப்பிக்கயிறு எழுதியது:
அவிழாததற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: கட்டுகிறவர் "நழுவிவிடுமோ" என்று பயந்து ஒரு முடிச்சு அதிகம் போடுவார். சுருக்கில் முடிச்சே கூடாது.

வரிசையாகச் சொல்கிறேன்.

கொடியின் கம்பப் பக்க விளிம்பில் ஒரு உறை இருக்கும், அதற்குள் கயிறு ஓடும். அந்தக் கயிற்றின் மேல் நுனியில் மரக்கட்டை, அதாவது காவி பக்கம். கீழ் நுனி வெறுங்கயிறு. கம்பக் கயிற்றின் ஒரு முனையில் ஒரு கண்ணி போட்டு அதில் மரக்கட்டையை மாட்டுங்கள். இன்னொரு முனையைக் கீழ் நுனியோடு கட்டுங்கள். இப்போது கொடியும் சேர்ந்து ஒரு முழு வளையம். தலைகீழாக ஏறும் கொடிகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. மடித்த பிறகு எது காவி என்று தெரியாது, ஆகவே மடிக்கும் முன் ஒருமுறை விரித்தபடியே இரண்டடி ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

பிறகு நான்கு பேர் இடுப்புயரத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ள, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக. மடிப்பின் நடுவில் இதழ் ஒரு கையளவு, 100 கிராம் தாராளம். ரோஜா இதழும் உதிர்த்த சாமந்தியும் போதும். முழுப் பூ வேண்டாம், நார் வேண்டாம், தண்ணீர் தெளித்த பூ வேண்டவே வேண்டாம்: ஈர இதழ் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக விழும், வெள்ளைப் பட்டையில் கறையும் பிடிக்கும். முதல் நாள் இரவே கட்டி வைத்தாலும் இதே கதி. காலையில் கட்டுங்கள்.

பறக்கும் முனையிலிருந்து கம்பப் பக்கமாக விசிறிபோல் மடித்து வாருங்கள். பொட்டலம் உள்ளங்கை அகலத்துக்கு வந்ததும், கொடியின் கீழ் நுனியோடு கட்டிய இறக்குக் கயிற்றால் அதை இரண்டு சுற்று. மூன்று வேண்டாம். பிறகு அதே கயிற்றை ஒரு கண்ணியாக மடக்கி, சுற்றுக்கு அடியில் இரண்டு அங்குலம் செருகுங்கள். நுனியைச் செருகக் கூடாது, மடக்கைத்தான் செருக வேண்டும். கீழே இழுத்தால் மடக்கு வெளியே வரும், சுற்று தளரும், கொடி விரியும்.

ஏற்றும்போது மரக்கட்டைப் பக்கத்து ஏற்றுக் கயிற்றை மட்டும் இழுங்கள், இறக்குக் கயிறு தொய்வாக மேலே போகட்டும். அதை இறுக்கிப் பிடித்தால் பாதி வழியிலேயே பூ கொட்டும். மேலே போனதும் கப்பிக்கு நான்கு விரல் கீழே நிறுத்தி, ஏற்றுக் கயிற்றைக் கம்பத்தின் கொக்கியில் எட்டுப் போட்டுக் கட்டிவிடுங்கள். கப்பியை முட்டும் அளவுக்கு இழுத்தால் மரக்கட்டை அதில் சிக்கும்.

இறக்குக் கயிற்றில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள். ஏற்றுபவர் பெரும்பாலும் வயதான விருந்தினர், எதை இழுப்பது என்று அந்த நேரத்தில் யாரும் அவர் காதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வெடுக்கென்று ஒரே இழுப்பு வேண்டாம், சீராக ஒரு முழம். முதல் நாள் மாலை பூவோடு ஒரு ஒத்திகை கட்டாயம்.

ஒதியமரம் எழுதியது:
மன்னிக்கணும் சார், அடிப்படையிலேயே தப்பு. ஆகஸ்ட் 15க்குக் கொடியைக் கீழிருந்து ஏற்ற வேண்டும். மேலே கட்டி வைத்து அவிழ்ப்பது ஜனவரி 26க்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கொடிவிதி எழுதியது:
ஒதியமரம் ஐயா சொல்லும் மரபு உண்மைதான். ஆகஸ்ட் 15 புதிதாக ஏறிய கொடி, ஜனவரி 26 ஏற்கெனவே மேலே இருக்கும் கொடி என்ற பொருளில் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதைச் செய்யாவிட்டால் விதிமீறல் என்று சொல்ல முடியாது. கொடி விதித்தொகுப்பு 2002, கொடியை விரிக்கும் முன் உள்ளே இதழ் வைக்கலாம் என்று சொல்லும் இடத்தில் குடியரசு நாள், சுதந்திர நாள் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இரண்டையும் சேர்த்தே செய்யலாம். பொட்டலத்தைக் கீழே கட்டி வைத்து, எல்லார் கண் முன்னும் வேகமாக ஏற்றி, உச்சியில் நிறுத்தி, அப்புறம் இறக்குக் கயிற்றை இழுப்பது. மரபும் கெடாது, பூவும் கொட்டும்.

ஒதியமரம் எழுதியது:
அப்படியென்றால் சரி. மேலே தயாராகக் கட்டி வைத்துவிட்டு விருந்தினரை வரச்சொல்வதைத்தான் சொன்னேன்.

சுண்ணாம்புக்காரை எழுதியது:
யாரும் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லையே! தோரணம் கட்ட ஒவ்வொரு வருடமும் பழைய சுவரில் ஆணி இறங்குகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஆணிக்குத் தாங்காது, ஒரு ஆணிக்குத் தட்டு அளவு காரை பெயரும். அதைச் சிமெண்ட் வைத்து அடைப்பது அதைவிடக் கேடு. சுவருக்குள் இருக்கும் ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியேற முடியாமல் பக்கத்தில் உப்புப் பூத்து, ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி இன்னும் உதிரும். தோரணக் கயிற்றைத் தெருவிளக்குக் கம்பத்திலும் கட்டாதீர்கள், அது மின்துறையுடையது. மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் சவுக்குக் கழி நட்டு அதில் கட்டுங்கள், வீட்டுக்கு ஒன்று போதும்.

மாடியில் கொடி வைக்க நினைப்பவர்களுக்கு: மெட்ராஸ் டெரஸ் தளம் என்பது மர உத்தரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. நடுத்தளத்தில் மணல் மூட்டை அடுக்கவே கூடாது. பாரம் சுவருக்கு நேர் மேலே இருக்கட்டும். தளத்தில் துளை போட்டால் மழைநீர் நேராக உத்தரத்துக்குப் போகும், அப்புறம் கரையான். கடற்கரைச் சாலையில் பழைய மேரி (நகராட்சி) கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. ஈரம் ஏறிய பழைய கட்டடம் என்ன செய்யும் என்று இனி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மரக் கைப்பிடி உள்ள பால்கனியில் சாய்வாகக் குச்சி கட்டினால், காவிப் பட்டை குச்சியின் வெளி நுனியில் வர வேண்டும். செங்குத்தாகச் சுவரில் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி.

மைக்செட் எழுதியது:
ஒலி பற்றி நான்கு வரி. பாட்டை யூடியூபிலிருந்து நேரலையாகப் போடாதீங்க, நாட்டுப்பண்ணுக்கு நடுவே விளம்பரம் வரும். புளூடூத்தும் வேண்டாம், போன் வந்தால் எல்லாம் போச்சு. பென் டிரைவில் 01, 02 என்று பெயர் வைத்துத் தனித்தனிக் கோப்பு. நாட்டுப்பண் முழுப்பாடல் 52 விநாடி. கோப்பு இரண்டு நிமிடம் காட்டினால் அது கச்சேரி வடிவம், அதற்கு அட்டென்ஷனில் நிற்க முடியாது.

இன்னொரு பெரிய சறுக்கல்: தமிழ்த்தாய் வாழ்த்து. தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டுடையது. புதுச்சேரிக்கு பாரதிதாசனுடையது, "வாழ்வினில் செம்மையை" என்று தொடங்கும். கோப்பைத் திறந்து முதல் அடியைக் கேட்டுட்டுத்தான் ஏத்தணும்.

கொடி விரிந்தவுடன் நாட்டுப்பண். ஒலிக்காரர் கொடியைப் பார்க்கிற இடத்தில் உட்காரணும், கைகாட்ட ஒரு ஆள் தேவைப்படாது. காலை 6 மணிக்கு முன்னாடி ஒலிபெருக்கி சோதனை கூடாது, இரவு 10 முதல் காலை 6 வரை தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் அதையும் அனுமதி மனுவில் எழுதிக் கேளுங்க. ஒரு பெட்டி ஸ்பீக்கர் போதும், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வேணாம்.

நாட்காட்டி எழுதியது:
அனுமதி: வீதியில் நாற்காலி போடவும் கம்பம் நிறுத்தவும் நகராட்சிக்கு ஒரு மனு. கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்துக்கு ஒன்று. உங்கள் வீதி பெரியகடையா ஒதியஞ்சாலையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், மனு தவறான நிலையத்துக்குப் போய் நாள் வீணாவது வழக்கம். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், 12ஆம் தேதிக்கு மேல் காவல்துறையே அரசு விழா பந்தோபஸ்தில் மூழ்கிவிடும். மனுவில் வீதியின் பெயர், தொடக்கம், முடிவு நேரம், ஆட்கள் எண்ணிக்கை, வண்டி போக எவ்வளவு அகலம் விடுகிறீர்கள் என்பது வரை எழுதுங்கள். ஆம்புலன்ஸ் நுழைய வழி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

டூமா_வீதி எழுதியது:
எங்கள் பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. இரண்டு நாட்டுக் கொடியையும் வைக்கலாமா? ஜூலை 14க்குப் போர் நினைவுச் சின்னத்தில் இரண்டும் இருக்கும்.

கொடிவிதி எழுதியது:
வைக்கலாம், ஒரே கம்பத்தில் மட்டும் கூடாது. தனித்தனிக் கம்பம், ஒரே அளவு. பார்ப்பவருக்கு இடக்கோடியில் நம் கொடி. சுவரில் குறுக்காக வைத்தாலும் நம் கொடி பார்ப்பவரின் இடப்பக்கம், அதன் குச்சி முன்னால் இருக்க வேண்டும். ஆனால் ஆகஸ்ட் 15க்கு வீதி நிகழ்ச்சியில் ஒரு கொடியே போதும் என்பது என் கருத்து. விதி தடுக்கிறது என்பதால் இல்லை, இரண்டு கம்பத்துக்கு அந்தக் குறுகிய வீதியில் இடம் இல்லை.

தோரணம் பற்றி ஒரு சேர்க்கை: தேசியக் கொடியையே வரிசையாகக் கோத்துத் தோரணமாகக் கட்டக் கூடாது. சக்கரம் இல்லாத மூவண்ணத் துணி நாடா கட்டுங்கள். மேசைக்கு விரிப்பாகவும் கொடி கூடாது. பேச்சாளர் மேடையில் வைத்தால் அவருக்கு வலப்பக்கம். கார் முகப்பில் கொடிக்கம்பி பொருத்திப் பறக்கவிடுவது பட்டியலில் உள்ள பதவியாளர்களுக்கு மட்டும் உரியது, சங்கத் தலைவர் அதில் வரமாட்டார்.

வாய்க்கால்கரை எழுதியது:
கூட்டத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது? வீதி வடக்கு தெற்காக ஓடுகிறது.

கப்பிக்கயிறு எழுதியது:
நல்லது. ஆகஸ்ட் காலையில் காற்று மேற்கிலிருந்து, கொடி கடல் பக்கம் பறக்கும். கடற்காற்று மதியத்துக்கு மேல்தான் திரும்பும். கம்பத்துக்குத் தெற்கே நின்று வடக்குப் பார்த்தால் கம்பம் இடப்பக்கம், கொடி வலப்பக்கம் விரிந்து தெரியும். வெயிலும் கண்ணில் அடிக்காது. படம் எடுப்பவரையும் அங்கேயே நிறுத்துங்கள். கொடி கிழக்கு வீட்டுச் சுவரை உரசாத அளவுக்குக் கம்பத்தை மேற்கே தள்ளி வையுங்கள், பழைய சுவரில் கம்பி, ஓட்டு விளிம்பு எதிலாவது மாட்டினால் துணி கிழியும்.

ஒதியமரம் எழுதியது:
மாலையில் யார் இறக்குவது என்று இப்போதே பெயர் போட்டு எழுதுங்கள். காலையில் 70 பேர் இருப்பார்கள், 6 மணிக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

கொடிவிதி எழுதியது:
2022 ஜூலை திருத்தத்துக்குப் பின் இரவிலும் பறக்கலாம். ஆனால் மாலை இடிமழை வாய்ப்புள்ள மாதத்தில் அப்படி விடாதீர்கள், ஈரக் கொடி கம்பத்தைச் சுற்றிக்கொண்டால் காலையில் இறக்க ஏணி வேண்டும். ஏற்றும்போது வேகம், இறக்கும்போது நிதானம், தரையில் படாமல் இரண்டு பேர் கையில் வாங்க வேண்டும். நனைந்திருந்தால் நிழலில் உலர்த்தி, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரு பக்கமும் உள்ளே மடித்தால் மேலே சக்கரமும் காவி, பச்சையின் ஒரு பகுதியும் மட்டும் தெரியும். துணிப்பையில் வையுங்கள், பாலித்தீனில் பூஞ்சை பிடிக்கும். கிழிந்திருந்தால் அடுத்த வருடத்துக்கு வைக்காமல், தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடுங்கள். கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கயிற்றோடு சேர்த்துக் கழற்றி வையுங்கள், கம்பத்திலேயே விட்டால் நவம்பர் 1க்குப் புதிது வாங்க வேண்டியிருக்கும்.